முகூர்த்த நேரத்தில் கேமராவோடு யார் நிற்பார்? கல்யாண போட்டோகிராபரைப் பேசி முடிப்பதற்கு முன்

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தங்கைக்கு வைகாசியில் கல்யாணம், சத்துவாச்சாரியில் மண்டபம். முந்தின நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை 6 முதல் 7.30க்குள் முகூர்த்தம். போட்டோ, வீடியோ எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். கையில் மூன்று கொட்டேஷன். முதலாவது 55,000: ஒரு போட்டோகிராபர், ஒரு வீடியோகிராபர், 40 ஷீட் ஆல்பம், இரண்டு பிரேம். இரண்டாவது 1,15,000: போட்டோவுக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் கேண்டிட் (போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாக எடுப்பவர்), வீடியோவுக்கு இரண்டு பேர், 30 ஷீட் ஆல்பம், ஹைலைட்ஸ் என்கிற சுருக்க வீடியோ. மூன்றாவது 1,90,000: இரண்டாவதில் இருப்பதெல்லாம், கூடவே ட்ரோன், கிரேன், எல்இடி வால், யூடியூப் லைவ், ஏலகிரியில் கல்யாணத்துக்கு முந்தைய ஷூட். அப்பா முதலாவதே போதும் என்கிறாராம். தங்கைக்கு மூன்றாவதின் மேல் ஆசை. எதைப் பார்த்து முடிவு செய்வது என்பது கேள்வி.

தம்பி, நான் இந்தத் தொழிலில் 22 வருடம் கேமரா பிடித்தவன். இப்போது நாலு வருடமாக ஆல்பம் டிசைன் மட்டும் செய்கிறேன். காட்பாடி, ஆற்காடு, வாலாஜா, ஆம்பூர் என்று பல ஊர் ஸ்டூடியோக்காரர்கள் எடுத்த படங்கள் என் மேஜைக்கு வருகின்றன. எந்தக் கல்யாணத்தில் எது நன்றாக வந்தது, எது கோட்டை விடப்பட்டது என்பது தினமும் கண்ணில் படுகிறது. அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

நம் பக்கத்துக் கல்யாணம் இரண்டு வேளைக் கல்யாணம். மாலையில் ரிசப்ஷன், விடிந்தால் முகூர்த்தம். காசு முழுக்க மாலையில் போய்விடுகிறது. எல்இடி வால், கிரேன், ட்ரோன், புகை, பூ மழை எல்லாம் அந்த மூன்று மணி நேரத்துக்குத்தான். ராத்திரி பந்தி முடிந்து ஸ்டூடியோ ஆட்கள் சாப்பிட்டு எழும்போது பன்னிரண்டு ஆகிவிடும். அப்புறம் காலை நாலரைக்கு மேளம் தொடங்கும்போது, மாலையில் ஆறு பேர் நின்ற இடத்தில் இரண்டு பேர் நிற்பார்கள், அதில் ஒருவருக்குக் கண் சொருகும். ஆனால் பத்து வருடம் கழித்து நீங்கள் எடுத்துப் பார்க்கப் போகும் படங்கள் காலையில்தான் இருக்கின்றன. தாரை வார்க்கும்போது அப்பாவின் கை, தாலி கட்டும்போது அம்மாவின் முகம், மெட்டி போடும்போது தங்கை குனிந்து பார்க்கிற பார்வை, பாட்டி அட்சதை போடுகிற விதம். எங்கள் மேஜைக்கு வருகிற ஃபோல்டர்களில் ரிசப்ஷன் படங்கள் ஆயிரத்தைத் தாண்டும். அதில் முக்கால்வாசி, வரிசையாக வந்து பரிசு கொடுத்துவிட்டு நிற்கிற ஒரே மாதிரிப் படங்கள். முகூர்த்த ஃபோல்டரைத் திறந்தால் பாதிக்குப் பாதி யாரோ ஒருவருடைய முதுகு.

ஆக, பட்ஜெட் போடும்போது முதலில் காலை முகூர்த்தத்துக்குத் தேவையானதை ஒதுக்குங்கள். மிச்சத்தில் ரிசப்ஷன். அதிலும் மிச்சம் இருந்தால் ட்ரோனும் கிரேனும்.

இது என் சொந்த வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டது. ஆற்காட்டில் என் அக்கா மகள் கல்யாணம். நான் தாய்மாமன். மேடையில் நிற்க வேண்டியவன் கேமரா பிடிக்க முடியாது என்று வெளியே ஒரு ஸ்டூடியோவில் பேசினோம். பெயர் வேண்டாம். பேசியவர் நல்ல கைகாரர், அவர் எடுத்த படங்களைப் பார்த்துத்தான் அட்வான்ஸ் கொடுத்தோம். ஆவணி மாதம், பெரிய முகூர்த்த நாள். அவர் அன்றைக்கு மூன்று கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. எங்கள் மண்டபத்துக்கு வந்தது இரண்டு பையன்கள். கெட்ட பையன்கள் இல்லை, ஓடி ஓடித்தான் எடுத்தார்கள். ஆனால் வீட்டில் யார் யார் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் மாமன் சீர் தட்டோடு வந்தபோது அவர்கள் மேடைக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் நண்பர்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது கூடப் பரவாயில்லை. என் அம்மா, அதாவது பெண்ணின் பாட்டி, அந்த ஆல்பம் முழுக்க ஒரே ஒரு படத்தில் இருக்கிறார். அதுவும் லைட் ஸ்டாண்டுக்குப் பின்னால், பாதி முகம். அடுத்த பங்குனியில் அம்மா போய்விட்டார். அக்கா மகள் அந்தப் படத்தைப் பெரிது பண்ணித் தரச் சொல்லிக் கேட்டாள். ஸ்டாண்டை அழித்து, மறைந்த பாதியை இன்னொரு படத்திலிருந்து எடுத்து ஒட்டிப் பார்த்தேன். நாலு நாள் உட்கார்ந்தேன். அம்மா மாதிரி வரவில்லை.

அதனால் நான் யாருக்குச் சொன்னாலும் முதலில் கேட்கச் சொல்கிற கேள்வி இதுதான்: "அன்றைக்கு உங்களுக்கு எத்தனை கல்யாணம்? எங்கள் முகூர்த்தத்துக்கு நீங்களே வருவீர்களா?" கேட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள். "நம்ம டீம்தான் சார் வரும், கவலைப்படாதீங்க" என்று பதில் வந்தால், வருகிற ஆளின் பெயரைக் கேளுங்கள். அந்த ஆள் எடுத்த படங்களைக் கேளுங்கள். வைகாசியில் ஒரே நாளில் பல கல்யாணம் வருவது சகஜம். ஆள் அனுப்புவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. யாரை அனுப்புகிறார்கள் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆள் உங்கள் வீட்டுக்கு ஒருமுறையாவது வந்து போயிருக்க வேண்டும்.

அடுத்தது, அவர்கள் வேலையைப் பார்ப்பது. இன்ஸ்டாகிராமில் இருப்பது நூறு கல்யாணத்திலிருந்து பொறுக்கிய நூறு படம். அதைப் பார்த்து ஒரு ஆளை எடை போட முடியாது. ஒரே ஒரு கல்யாணத்தின் முழுப் படங்களையும் காட்டச் சொல்லுங்கள். டிசைன் செய்த ஆல்பம் வேண்டாம். என்னைப் போன்றவர்கள் அதில் நிறைய மூடி மறைத்துவிடுவோம். எடுத்தபடி இருக்கிற முகூர்த்த ஃபோல்டரைக் கம்ப்யூட்டரில் திறக்கச் சொல்லுங்கள். உங்கள் மண்டபத்திலேயே, அல்லது அதுபோல ஏசி போட்டு ஜன்னல் மூடிய மண்டபத்தில் எடுத்ததாக இருந்தால் இன்னும் நல்லது. வைகாசியில் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும், ஆனால் அந்த வெளிச்சம் மூடிய மண்டபத்துக்குள் வராது.

திறந்ததும் மூன்று விஷயம் பாருங்கள். ஓமப் புகைக்கு நடுவில் பெண்ணின் முகம் தெளிவாக இருக்கிறதா. தாலி கட்டுகிற அந்தச் சில நொடிகளுக்கு எத்தனை படம் இருக்கிறது, அதில் முடிச்சு தெரிகிறதா, இல்லை உறவினர்களின் செல்போன்தான் தெரிகிறதா. மேடையில் இல்லாதவர்களை, கீழே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை, எத்தனை பேரை எடுத்திருக்கிறார். இந்த மூன்றாவதுதான் ஆளின் மனசைக் காட்டும். பெரியவர்களைத் தேடிப் போய் எடுக்கிறவர் உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் தேடிப் போவார்.

தோல் நிறத்தையும் கவனியுங்கள். ரிசப்ஷன் மேடைக்கு டெக்கரேஷன்காரர்கள் ஊதாவும் சிவப்புமாக லைட் போடுகிறார்கள். நேரில் பார்க்க அழகுதான். ஆனால் அந்த ஊதா முகத்தில் விழுந்துவிட்டால் எந்தச் சாப்ட்வேரிலும் முழுசாகச் சரி பண்ண முடியாது. கன்னம் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள் என்று வரும் முகங்களோடு நான் வாரம் முழுக்க மல்லுக்கட்டுகிறேன். இதற்குச் செலவே கிடையாது. கலர் லைட்டைப் பின்னால் திரைக்கு மட்டும் அடியுங்கள், பெண் மாப்பிள்ளை முகத்துக்கு வெள்ளை லைட் மட்டும் என்று டெக்கரேஷன்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போட்டோகிராபரும் அவரும் ஒரு போனில் பேசிக்கொண்டால் போதும்.

இன்னொன்று கேமராவைப் பற்றி. பிராண்டு எது என்று கேட்க வேண்டாம், எல்லாமே நன்றாகத்தான் எடுக்கும். "இரண்டு கார்டு போடுகிற கேமராவா?" என்று மட்டும் கேளுங்கள். சில கேமராக்களில் ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டில் படம் பதிவாகும். ஒன்று பழுதானாலும் இன்னொன்றில் இருக்கும். நிக்கான் டி750, சோனி ஏ7 மூன்றாவது மாடல், கேனான் ஆர்6 ஆகியவற்றில் இரண்டு கார்டு உண்டு. கேனான் ஆர்பி, 6டி இரண்டாவது மாடல் போன்றவற்றில் ஒன்றுதான். ஒரு கார்டு கேமராதான் இருக்கிறது என்றால் அதற்காக ஆளை ஒதுக்கிவிட வேண்டாம். முகூர்த்தம் முடிந்ததும் மண்டபத்திலேயே லேப்டாப்பில் இறக்கி வைப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பேர் தனித்தனிக் கேமராவில் எடுப்பதும் ஒரு பாதுகாப்புதான். ஒரே போட்டோகிராபர், ஒரே கேமரா என்கிற உங்கள் முதல் கொட்டேஷனில் எனக்கு இருக்கிற பெரிய பயம் அதுதான். அன்றைக்கு அவருக்கு ஜுரம் வந்தால் என்ன செய்வீர்கள்?

சரி, கணக்குக்கு வருவோம். உங்கள் 1,20,000-ஐ நான் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன். மாலை, காலை இரண்டு வேளைக்கும் ஆட்களுக்கு 72,000. வீடியோ எடிட்டிங்குக்கு 16,000. ஆல்பத்துக்கு 22,000. மிச்சம் 10,000-ஐ ஹார்ட் டிஸ்க்குக்கும் கடைசி நேரச் செலவுக்கும் தனியே வையுங்கள். பாதிக்கு மேல் ஆட்களுக்குப் போகிறதே என்று அப்பா நினைக்கலாம். போக வேண்டிய இடம் அதுதான். ஷீட்டை அடுத்த வருடம் கூடச் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம். எடுக்காத படத்தை அப்புறம் எங்கே போய் எடுப்பது?

முதல் கொட்டேஷனில் 40 ஷீட் ஆல்பம் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 12-க்கு 36 என்று சொல்கிற ஆல்பத்தில் ஒரு ஷீட் விரித்தால் 36 அங்குல அகலம், ஒரு பக்கத்துக்கு 18. 40 ஷீட் என்றால் 80 பக்கம். அதை நிரப்ப ஒரே ஆள் எடுத்த படங்கள் போதாது. ஒரே படத்தைப் பெரிதாகவும் சிறிதாகவும் திருப்பிப் போட்டு, பின்னால் பூவும் மேகமும் வைத்து நிரப்புவோம். நானே நிரப்பியிருக்கிறேன். 30 ஷீட் தாராளம். ஷீட்டுக்கு எந்தப் பேப்பர் என்று கேளுங்கள். கிழியாத என்டிஆர் பேப்பர் என்றால் கை பட்டுப் பட்டுப் போனாலும் தாங்கும். கூடுதல் ஷீட் போட்டால் ஒன்றுக்கு எவ்வளவு என்பதை இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். ஆல்பம் தேர்வின்போது "இந்தப் படத்தை விட மனசு வரலை" என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, கடைசியில் பில் ஏறுவது இங்கேதான்.

இரண்டாவது கொட்டேஷனில் ஒன்று கேட்க மறந்திருப்பீர்கள். 1,15,000 என்பது ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா? போட்டோ எடுக்கும் சேவைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பதிவு செய்த ஸ்டூடியோ என்றால் அதற்கு மேல் 20,700 ரூபாய் வரும், மொத்தம் 1,35,700 ஆகிவிடும். உங்கள் கணக்கு அங்கேயே உடைந்துவிடும். ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குள் இருக்கிற சின்ன ஸ்டூடியோவுக்குப் பதிவு கட்டாயம் இல்லை, அவர்கள் வரி வாங்கவும் கூடாது. எதுவாக இருந்தாலும் கைக்கு மொத்தம் எவ்வளவு என்று ஒரே எண்ணாகச் சொல்லச் சொல்லுங்கள்.

பேரம் பேசும்போது எங்கள் ஆட்களிடம் விலையைக் குறை என்று அழுத்த வேண்டாம். குறைப்பார்கள், ஆனால் அது நீங்கள் பார்க்காத இடத்தில் குறையும். காலையில் வருகிற இரண்டாவது ஆள் வரமாட்டார். அதைவிட, வேண்டாததை எடுத்துவிடச் சொல்லுங்கள். பெரிய பிரேம் இரண்டு, காலண்டர், மினி புக், கீ செயின் எல்லாம் வேண்டாம், அதற்குப் பதில் காலை நாலரையிலிருந்தே கேண்டிட் ஆள் இருக்கட்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது கொட்டேஷனில் தங்கைக்கு ஆசை என்றால் அந்த ஆசையைத் தட்டிவிட வேண்டாம். அவளுடைய கல்யாணம். உட்கார்ந்து, அதில் அவளுக்கு எது பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஏலகிரி ஷூட்தான் இருக்கும். அதை மட்டும் பிரித்துச் செய்யலாம். 14 கொண்டை ஊசி வளைவு ஏறி, வண்டி, சாப்பாடு, துணி மாற்ற ரூம் என்று ஒரு நாள் முழுக்கப் போய்விடும். அதைவிடப் பாலாற்று மணலில், வள்ளிமலை அடிவாரத்தில், உங்கள் ஊரிலேயே தென்னந்தோப்பில் விடியற்காலை இரண்டு மணி நேரம் எடுத்தால் அந்த வெளிச்சமே போதும். வைகாசி வேலூர் வெயிலைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலை ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் மேக்கப் வழிந்துவிடும்.

வேலூர் கோட்டையில் எடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அகழியும் மதிலும் அழகுதான். ஆனால் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ட்ரைபாட் வைக்கவே அனுமதி வேண்டும். லைட், குடை என்று கூட்டமாகப் போனால் காவலாளி வந்து நிறுத்துவார், பெண்ணும் மாப்பிள்ளையும் மனசு நொந்து திரும்புவார்கள். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குள் கேமரா, போன் எதுவும் கொண்டுபோக முடியாது. ரத்தினகிரி, விரிஞ்சிபுரம் மாதிரிக் கோயிலில் தாலி கட்டுவதாக இருந்தால் கோயில் அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள்.

ட்ரோன் வேண்டும் என்றால் ஒரே கேள்வி. 2021 ட்ரோன் விதிகளின்படி தொழிலுக்குப் பறக்கவிடுகிற ட்ரோனுக்குப் பதிவு எண் வேண்டும். எடை 250 கிராமுக்கு மேல் இருந்தால் ஓட்டுகிறவருக்குச் சான்றிதழும் வேண்டும். இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். மண்டபத்துக்குள், ஆட்கள் தலைக்கு மேல் பறக்கவே விட வேண்டாம். மூடிய ஏசி மண்டபத்தில் நடக்கிற கல்யாணத்துக்கு ட்ரோன் எடுப்பது மண்டபத்துக் கூரையையும் கார் நிறுத்தத்தையும்தான்.

மாப்பிள்ளை வீட்டாரோடு இதை இப்போதே பேசிவிடுங்கள். அவர்கள் தனியாக ஒரு ஸ்டூடியோவைக் கூட்டி வந்தால் மேடையில் எட்டு பேர் நிற்பார்கள். ஒருவர் இங்கே பாருங்கள் என்பார், ஒருவர் அங்கே பாருங்கள் என்பார். பெண் எந்தக் கேமராவையும் பார்க்காமல் நடுவில் பார்ப்பாள். செலவைப் பகிர்ந்து ஒரே குழுவை வைத்தால், அதே காசில் நல்ல குழுவாகக் கிடைக்கும். ஆல்பம் மட்டும் இரண்டு போட்டுக்கொள்ளலாம். டிசைன் ஒன்றுதான், அச்சுச் செலவு மட்டும் கூடும்.

முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் என்றால், மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் பெண்கள் மண்டபம் தனியாக இருக்கும். அங்கே பெண் போட்டோகிராபரைத்தான் கேட்பார்கள், அப்படிப்பட்டவர்கள் எண்ணிக்கையில் குறைவு, நாள் குறித்த உடனே பேசிவிட வேண்டும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எழுதி வாங்குவது பற்றி. ஒரு பக்கம் போதும், வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு. தேதி, இரண்டு வேளையின் நேரம், வருகிற ஆட்களின் பெயர், ஷீட் எண்ணிக்கை, ஆல்பமும் வீடியோவும் எந்தத் தேதிக்குள், எடுத்த எல்லாப் படங்களும் தரப்படுமா, கல்யாணத் தேதி தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்ன ஆகும். இவ்வளவுதான். காசை மூன்றாகப் பிரியுங்கள். அட்வான்ஸ் கால் பங்கு, முகூர்த்தம் முடிந்ததும் பாதி, ஆல்பம் கையில் வந்ததும் மீதிக் கால் பங்கு. முழுப் பணத்தையும் மண்டபத்திலேயே கொடுத்துவிட்டு ஆல்பத்துக்காக ஆறு மாதம் போன் பண்ணிக்கொண்டிருக்கிற வீடுகள் எத்தனையோ. அதே சமயம் தாமதத்தில் பாதி வீட்டார் மேலும் இருக்கிறது. மூவாயிரம் படத்திலிருந்து நூற்றைம்பது, இருநூறு பொறுக்கித் தர மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறார்கள். மறுவீடு முடிந்த வாரமே தங்கையும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து பொறுக்கிவிடட்டும்.

படம் யாருக்குச் சொந்தம் என்று பலருக்குத் தெரியாது. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17-வது பிரிவில், ஒருவர் காசு கொடுத்துச் சொல்லி எடுக்க வைத்த போட்டோவுக்கும் வீடியோவுக்கும் அவரே முதல் உரிமையாளர் என்கிறது, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரைக்கும். அதனால் ஸ்டூடியோ நீட்டுகிற தாளில் "படங்களின் உரிமை எங்களுக்கே" என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். தங்கையைக் கேட்காமல் அவள் படத்தை விளம்பரத்துக்குப் போடக் கூடாது என்றும் ஒரு வரி சேருங்கள். நல்ல ஸ்டூடியோக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார், எந்தப் படங்களைப் போடலாம் என்று கேட்டு வாங்கிக்கொள்வார்.

பேசியபடி நடக்கவில்லை, படமே தொலைந்துவிட்டது என்கிற நிலை வந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற எண்ணில் கூப்பிட்டும் வழி கேட்கலாம். அங்கேயும் அந்த ஒரு பக்கத் தாள்தான் பேசும்.

ஹார்ட் டிஸ்க்குக்கு ஏன் தனியாகக் காசு வைக்கச் சொன்னேன் என்றால், 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். இரண்டு கேமரா எட்டு மணி நேரம் ஓடினால் 720 ஜிபி. படங்கள் வேறு. ஒரு டிபி டிஸ்க் பிதுங்கிவிடும், இரண்டு டிபி வாங்குங்கள். ஸ்டூடியோக்காரர் இதையெல்லாம் வருடக்கணக்கில் வைத்திருக்க மாட்டார், அடுத்த சீசனுக்கு இடம் வேண்டும் என்று அழித்துவிடுவார். கல்யாணம் முடிந்து ஒரு மாதத்துக்குள் உங்கள் டிஸ்க்கைக் கொடுத்து எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும். பென் டிரைவில் மட்டும் வைத்திருக்க வேண்டாம். அப்புறம், கல்யாணப் பதிவுக்கு 90 நாள்தான் கெடு. திருமணப் படம் நாலைந்தை ஆல்பத்துக்குக் காத்திருக்காமல் முதல் வாரமே பிரிண்ட் போட்டு வாங்கி வையுங்கள். மாப்பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் விசாவுக்கும் கேட்பார்கள்.

கடைசியாக உங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியது. கட்டாயம் எடுக்க வேண்டிய முகங்கள் என்று பதினைந்து பேரை எழுதுங்கள். தாத்தா, பாட்டி, தாய்மாமன், அத்தை, உடம்பு சரியில்லாமல் வந்து கீழேயே உட்கார்ந்திருப்பவர்கள், பக்கத்து வீட்டு அம்மா. அந்தச் சீட்டோடு, இரண்டு பக்கத்து உறவும் தெரிந்த ஒரு சித்தப்பாவையோ அண்ணியையோ போட்டோகிராபர் கூடவே விடுங்கள், ஆளைக் காட்டிக் கொடுப்பதுதான் அவர்கள் வேலை. தாலி கட்டும் நேரத்தில் மேடைக்கு முன்னால் இரண்டு மாமாக்களை நிறுத்தி, செல்போனைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பணிவாக ஒதுக்கச் சொல்லுங்கள். குடும்பமாக நின்று எடுக்கிற படங்களைத் தாலி முடிந்த கையோடு எடுத்துவிடுங்கள். நாஷ்டாவுக்குப் போய்விட்டால் பாதிப் பேர் அப்படியே பஸ் ஏறிவிடுவார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தங்கையையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு அந்த இரண்டாவது ஸ்டூடியோவுக்குப் போங்கள். மண்டபத்துக்குள் நடந்த ஒரு முகூர்த்தத்தின் முழு ஃபோல்டரையும் அப்பாவே பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். அவருக்குப் பிடித்து, வருகிற ஆள் யார் என்பதும் உறுதியானால் அட்வான்ஸ் கொடுங்கள். இல்லையென்றால் இன்னும் இரண்டு ஸ்டூடியோ பாருங்கள். முடிவானதும் மண்டபத்தில் அவர்களுக்கென்று ஒரு அறை எழுதி வையுங்கள். ராத்திரி பதினோரு மணிக்குள் அவர்களைச் சாப்பிட வைத்துப் படுக்க அனுப்பிவிட்டு, காலை நாலு மணிக்குச் சமையல்காரர் போடுகிற முதல் காபியை அந்த அறைக்கு அனுப்புங்கள்.